கரென்ட் வந்ததும் பம்ப் எழுமா?

கடல்நீர்த் தொட்டிக்கு ரிட்டர்ன் பம்ப் வாங்கப் போகிறவர் பெட்டியைத் திருப்பி, மணிக்கு எத்தனை லிட்டர் என்று முதலில் படிப்பார். அடுத்து விலை. அதன்பிறகு, சத்தம் போடுமா என்று கடைக்காரரைக் கேட்பார். இந்த மூன்றையும்விடப் பெரிய கேள்வி பெட்டியில் எங்கும் அச்சாகியிருக்காது: கரென்ட் போய்த் திரும்ப வந்தால், யாரும் கை வைக்காமல் இது தானாக ஓட ஆரம்பிக்குமா? ஓடிக்கொண்டிருக்கிற பம்ப் தொடர்ந்து ஓடுவது பெரிய காரியமில்லை. நின்று, சூடு ஆறி, மறுபடி முதல் சுற்றைச் சுற்றும் அந்த அரை நொடியில்தான் பழைய பம்புகள் படுத்துக்கொள்கின்றன. மின்வெட்டு வழக்கமான ஊரில் நம்பகமான பம்ப் என்றால், அந்த அரை நொடியை ஒவ்வொரு முறையும் தாண்டுகிற பம்ப் என்றுதான் அர்த்தம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்காக ஒரு வார்த்தை. மேல் தொட்டியில் மீனும் பவளமும் இருக்கும். ஓவர்ஃப்ளோ வழியாக வழியும் தண்ணீர் கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கிற சம்ப் தொட்டிக்கு இறங்கும். நுரையாக்கிக் கழிவைப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஹீட்டர், ஃபில்டர் சாக் எல்லாம் அங்கேதான். சுத்தமான தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவது ரிட்டர்ன் பம்ப். அது நின்றால் ஸ்கிம்மர் சம்பில் கிடக்கும் அதே தண்ணீரையே நுரைத்துக்கொண்டிருக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை ரிட்டர்ன் குழாயிலேயே இணைத்திருந்தால் குளிர்ச்சியும் அதோடு நின்றுவிடும். ஏப்ரல், மே மாதத்தில் இது ஒரே பகலில் பவளங்களை வெளுக்க வைக்கப் போதும்.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

இந்தப் பம்புக்குத் தேவைக்கு மேல் பலம் தேடுவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. பவளத்துக்கு வேண்டிய அலையையும் நீரோட்டத்தையும் கொடுப்பது தொட்டிக்குள் இருக்கும் வேவ்மேக்கர். ரிட்டர்ன் பம்பின் வேலை தண்ணீரை மாற்றுவது மட்டும்தான். மேல் தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு 3 முதல் 5 மடங்கு கிடைத்தால் தாராளம். 10 மடங்கு ஓட்டினால் ஓவர்ஃப்ளோ கூச்சலிடும், சம்பில் குமிழி அடங்காது, அந்தப் பொடிக் குமிழிகள் மேலே போய்த் தண்ணீரையே பால் கலந்ததுபோல் காட்டும்.

4 அடிக்கு 2 அடிக்கு 2 அடித் தொட்டியை எடுத்துக்கொள்வோம். 120 × 60 × 60 செ.மீ., அதாவது 432 லிட்டர். பாறையும் மணலும் போக உண்மையில் இருக்கும் தண்ணீர் இன்னும் குறைவு. மணிக்கு 2,000 லிட்டர் மேலே வந்து சேர்ந்தால் இந்தத் தொட்டிக்குப் போதும். ‘வந்து சேர்ந்தால்’ என்பதைக் கவனியுங்கள். பெட்டியில் இருக்கும் எண், குழாயே இல்லாமல் தரைமட்டத்தில் பம்ப் தள்ளும் அளவு. உங்கள் வீட்டில் அந்த எண் ஒருநாளும் வராது.

பெட்டியில் இன்னொரு எண்ணும் இருக்கும்: அதிகபட்ச ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தூக்கக்கூடிய உச்ச உயரம். அந்த உயரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் வெளியே வராது, குழாய்க்குள் நிற்கும், அவ்வளவுதான். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் பம்பின் குணம் தெரியும். சம்பின் நீர்மட்டம் தரையிலிருந்து 25 செ.மீ., மேல் தொட்டியின் நீர்மட்டம் 145 செ.மீ. என்றால் ஏற்ற வேண்டிய உயரம் 1.2 மீட்டர். இத்துடன் குழாயின் உரசல் சேரும். அதை இப்போதைக்கு 2,000 லிட்டர் ஓட்டத்தில் 0.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது இரண்டு பம்புகள். ஒன்று எய்ஹைம் யுனிவர்சல் 3400, பழைய எண் 1262. மணிக்கு 3,400 லிட்டர், ஹெட் 3.6 மீட்டர். இன்னொன்று எங்கேயும் கிடைக்கிற மலிவு வகை: பெட்டியில் 4,000 லிட்டர், ஹெட் 1.8 மீட்டர். தயாரிப்பாளர் தரும் வளைகோட்டுப் படம் கையில் இல்லையென்றால் ஒரு தாளில் கிடைக்கோட்டில் லிட்டரையும் செங்குத்தில் ஹெட்டையும் குறித்து, இரண்டு எண்ணையும் நேர்கோட்டால் இணையுங்கள். பெரும்பாலான பம்புகளின் நிஜ வளைவு இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கும் என்பதால் கணக்கு ஏமாற்றாது. நம் தொட்டிக்குப் போட்டுப் பார்த்தால் முதல் பம்ப் மணிக்குச் சுமார் 1,900 லிட்டர் ஏற்றும். பெட்டியில் அதிகம் எழுதியிருந்த இரண்டாவது, சுமார் 1,100 லிட்டரோடு மூச்சு வாங்கும். பலமாடிக் கட்டடத்தில் தண்ணீர் ஏற்ற மோட்டார் வாங்கும்போது ‘எத்தனை மாடி தூக்கும்’ என்று கேட்கிறோம் அல்லவா, அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

ஏற்ற வேண்டிய உயரத்தைப் போல இரண்டு மடங்காவது ஹெட் இருக்கிற பம்பைத்தான் வாங்க வேண்டும். ஓட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் பம்புக்குள் சுற்றும் ரோட்டரில் சுண்ணாம்பு படிந்து பலம் குறையும்போதும் தண்ணீர் மேலே போக வேண்டுமே, அதற்காகவும்தான். ஹெட்டின் விளிம்பில் ஓடுகிற பம்பில் சிறிது அடைப்பு வந்தாலும் ஓட்டம் பாதியாகிவிடும்.

குழாயில் தொலையும் பலம்

0.4 மீட்டர் உரசல் என்று வைத்துக்கொண்டோமே, அது ஒரு இஞ்ச் குழாய்க்கு. முக்கால் இஞ்ச் போட்டால் அதே 2,000 லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் ஆகிவிடும். இரண்டரை மீட்டர் குழாய், நான்கு எல்போ வைத்துப் போட்ட கணக்கு இது. விட்டம் குறையக் குறைய உரசல் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் எகிறுகிறது. முக்கால் இஞ்சுக்கும் ஒரு இஞ்சுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தில் நான்கு மடங்கு போகிறது. பம்பின் வாய் முக்கால் இஞ்சாக இருந்தாலும், வாயைத் தாண்டியவுடன் ரெடியூசர் போட்டு ஒரு இஞ்சுக்கு மாறிவிடுங்கள். குழாய்க்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு ரூபாய், பெரிய பம்புக்குக் கொடுக்கவிருந்த சில ஆயிரத்தை மிச்சப்படுத்தும்.

90 டிகிரி எல்போ ஒன்றுக்குப் பதிலாக, இடம் இருந்தால் 45 டிகிரியில் இரண்டு போடலாம். பம்புக்கு மேல் கை எட்டும் உயரத்தில், குழாயைக் கழற்றி மாட்ட உதவும் யூனியன் இணைப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். யூனியன் இல்லாமல் சொல்யூஷன் போட்டு ஒட்டிவிட்டால் பம்பைச் சுத்தம் செய்ய ஹேக்ஸா பிளேடு எடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட பம்பை யாரும் சுத்தம் செய்வதில்லை, சுத்தம் செய்யாத பம்ப் ஒரு மின்வெட்டுக்குப் பிறகு எழுவதில்லை. யூனியனுக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு சாண் சிலிக்கான் டியூப் போட்டால் அதிர்வு குழாய் வழியாகக் கண்ணாடிக்கு ஏறாது. ஓட்டத்தைக் குறைக்க பால் வால்வு வைப்பதென்றால் வெளியேறும் பக்கம் வைக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தைச் சுருக்கினால், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்குள் வெற்றிடக் குமிழி உண்டாகும். சரளைக்கல்லை அரைக்கிற மாதிரி சத்தம் கேட்கும், இம்பெல்லரும் அரிக்கப்படும்.

கடைசியில் எவ்வளவு வருகிறது என்று அளந்தே பாருங்கள். ரிட்டர்ன் குழாயின் வாயில் ஒரு டியூபை மாட்டி, நீர்மட்டத்தின் உயரத்திலேயே 20 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 36 நொடியில் நிரம்பினால் மணிக்கு 2,000 லிட்டர். ஒரு நிமிடம் ஆனால் 1,200. இந்த நொடிக் கணக்கை ஸ்டாண்டின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வாளி 45 நொடி எடுத்தால், பம்ப் திறக்கச் சொல்கிறது.

ஏ.சி.யா, டி.சி.யா?

ஏ.சி. பம்பின் உள்ளே இருப்பது மிகச் சில பொருள்கள். எபாக்ஸியில் புதைத்த ஒரு சுருள். அதன் நடுக்குழியில் ஒரு செராமிக் ஷாஃப்ட், ஷாஃப்ட்டைச் சுற்றி உருளை வடிவக் காந்தம், காந்தத்தின் முனையில் இம்பெல்லர், இரண்டு பக்கமும் ரப்பர் புஷ். எலெக்ட்ரானிக்ஸ் இல்லை. அதனால்தான் எய்ஹைமின் யுனிவர்சல் வரிசையும் இத்தாலியின் சிச்சே சின்க்ரா வரிசையும் பல வருடம் உழைக்கின்றன என்று பெயர் வாங்கியிருக்கின்றன. கெட்டால் ரோட்டரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. ஒற்றை ஃபேஸில் ஓடும் இந்த மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே தெரியாது. கரென்ட் வந்தவுடன் காந்தம் இப்படியும் அப்படியும் துடிக்கும். துடிப்பில் ஒரு கணம் வேகம் பிடித்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். அந்தத் துடிப்புக்கு இடம் தரவே பல பம்புகளில் இம்பெல்லரைக் காந்தத்தோடு இறுக்காமல், அரைச் சுற்றுப்போல் தளர்வாக விட்டிருப்பார்கள். ரோட்டரை ஒரு கையில் பிடித்து மறு கையால் இம்பெல்லரைத் திருப்பினால், கொஞ்ச தூரம் சும்மா சுற்றி ‘டக்’ என்று இடிக்கும். இதைப் பழுது என்று நினைத்துப் பசை போட்டு ஒட்டுகிறவர்கள் உண்டு. ஒட்டினால் அந்தப் பம்ப் அதன்பிறகு கிளம்பாது. அந்தத் தளர்வில் சுண்ணாம்பு புகுந்து இறுகினாலும் இதே கதைதான். ஓடும்போது எதுவும் தெரியாது. ஒருநாள் கரென்ட் போய் வரும், ‘ம்ம்ம்’ என்ற உறுமல் மட்டும் கேட்கும், தண்ணீர் வராது.

டி.சி. பம்பில் பெரும்பாலும் 24 வோல்ட்டில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டாரும், அதைச் சுற்ற வைக்கும் கன்ட்ரோலரும் இருக்கும். எக்கோடெக் வெக்ட்ரா, ரீஃப் ஆக்டோபஸ் வேரியோஸ், சிச்சே எஸ்.டி.சி., ஜெபாவ் வரிசைகள் எல்லாம் இந்த இனம். இதே இனத்தின் உச்சியில் ஜெர்மனியின் அபிஸ் இருக்கிறது, விலையும் அதற்கேற்ற உச்சியில்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், தீனி போடும்போது பத்து நிமிடம் நிறுத்தலாம், மெதுவாகக் கிளம்பும், தண்ணீர் இல்லாவிட்டால் பலவும் தானாக நின்றுகொள்ளும். ஏறக்குறைய அதே ஓட்டத்துக்குப் பாதி மின்சாரம் போதும். பம்பின் இயந்திரப் பகுதி எளிதில் கெடுவதில்லை. கெடுவது கன்ட்ரோலரும் அடாப்டரும்தான். ஸ்டாண்டின் உள்ளே உப்பு ஈரம் எப்போதும் இருக்கும். பிளக் முனையில் பச்சைப் பூச்சு ஏறிவிட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். கன்ட்ரோலரை ஸ்டாண்டுக்கு வெளியே மாட்டுங்கள். முடியாவிட்டால் உள்ளே மேல்தட்டில் மாட்டி, கேபிள் முதலில் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலே ஏறும்படி விடுங்கள். கேபிளில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

டி.சி. பம்ப் வாங்கும்போது ஒரு சோதனையைக் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். வாளியில் ஓடவிட்டு, சுவிட்ச் போர்டில் அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போட வேண்டும். முன்பு வைத்த வேகத்துக்குத் தானாக வருகிறதா, பட்டனை அழுத்தும்வரை சும்மா கிடக்கிறதா? இரண்டாவது வகை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து ஒரு நொடி அணைத்துப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்களில் அரை மணி நேர வெட்டைவிட அந்த ஒரு நொடிக் கண்சிமிட்டல்தான் கன்ட்ரோலர்களைக் குழப்புகிறது. இரண்டுக்கும் பத்து முறை தப்பாமல் எழுந்தால் வாங்கலாம்.

கண்சிமிட்டலில் இன்னொரு வம்பும் இருக்கிறது. பம்ப் நின்ற கணமே குழாயில் இருக்கும் தண்ணீர் பின்னோக்கி இறங்கி இம்பெல்லரை எதிர்ப்பக்கம் சுற்றும். அப்படிச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே கரென்ட் திரும்பினால் சில பம்புகள் கிளம்பத் தடுமாறும். ஒரு நிமிடம் கழித்து மின்சாரம் தரும் டிலே டைமரைப் பம்புக்கு முன்னால் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடுகிறோமே, அதே வகை.

எதை வாங்குவது என்று ஒரே வரியில் கேட்டால்: பராமரிப்பை நேரத்துக்குச் செய்கிறவருக்கு ஏ.சி. பம்ப் பத்து வருடத் துணை. மின்கட்டணமும் சூடும் கவலை தருகிறதென்றால் டி.சி., ஆனால் அந்தக் கன்ட்ரோலர் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு. எந்த இனமானாலும், ரோட்டரும் ஷாஃப்ட்டும் உங்கள் ஊருக்கு ஒரு வாரத்தில் வந்து சேராது என்றால் அந்தப் பம்ப் உங்களுக்கானதல்ல.

டொரொன்டோவில் இருக்கும் உறவினரிடம் சொல்லி ஏ.சி. பம்ப் வரவழைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர் எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. இந்த மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸோடு கட்டப்பட்டது. அங்கே நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றுவது இங்கே 3,000தான் சுற்றும், ஹெட் முப்பது சதவீதம் விழும், சுருள் சூடேறும். டி.சி. பம்புக்கு இந்தத் தொல்லை இல்லை, அடாப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் போதும்.

ஏர் கூலருக்கும் அலங்கார நீரூற்றுக்கும் விற்கும் பம்புகளைச் சிலர் சம்பில் போட்டுப் பார்க்கிறார்கள். சென்னை கொளத்தூர் போன்ற மீன் சந்தைகளில் நன்னீர் மீன்களுக்கு அவை ஓடும்தான். கடல்நீரில் போடக் கூடாது. பலவற்றில் ஷாஃப்ட் இரும்பு, உப்பு அதைச் சில வாரத்தில் துருவாக்கும். உள்ளே செம்பு எங்கேயாவது தண்ணீரைத் தொட்டால் நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது. கடல்நீருக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

சூடும் பில்லும்

80 வாட் பம்ப் இரண்டு மாத பில்லில் 115 யூனிட் சேர்க்கும். 40 வாட் என்றால் 58. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் பம்ப் குடிக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் சூடாகத் தண்ணீரிலேயே இறங்குகிறது. 80 வாட், 500 லிட்டர் தண்ணீரை, வேறெங்கும் சூடு போகாவிட்டால், ஏழு மணி நேரத்தில் ஒரு டிகிரி ஏற்றும். தண்ணீரை 26 டிகிரியில் வைத்திருக்கச் சில்லர் பாடுபடும் வீட்டில், நாம் பம்புக்கு ஒருமுறையும் அந்தச் சூட்டை வெளியேற்றச் சில்லருக்கு இன்னொரு முறையும் காசு கட்டுகிறோம். சில்லரை ரிட்டர்ன் குழாயில் இணைக்காமல், சம்பிலேயே அதற்கென்று ஒரு சிறு பம்ப் வைத்துச் சுற்றவிடுவது நல்லது. ரிட்டர்னுக்கு ஹெட் மிச்சம், ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும்.

நிற்கும்போது வெள்ளம் வராமல்

பம்ப் நிற்கும்போது ரிட்டர்ன் குழாயின் வாய் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த மட்டம்வரை மேல் தொட்டித் தண்ணீர் சைஃபனாகக் கீழே இறங்கும். நம் தொட்டியில் ஒரு செ.மீ. என்றால் 7.2 லிட்டர். வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 36 லிட்டர், அதோடு ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாயிலும் இருப்பது. இவ்வளவையும் வாங்கிக்கொள்ள சம்பில் இடம் இருக்கிறதா? நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் 6 மி.மீ. துளை போட்டால் காற்று புகுந்து சைஃபன் உடையும். ஆனால் ஒரு நத்தை அந்தத் துளையில் குடியேறினால் போச்சு. அதனால் வாயையே மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்துவிடுவது பாதுகாப்பு. தண்ணீரைத் திரும்ப விடாத என்.ஆர்.வி. வால்வை நம்பி சம்பை நிரப்பாதீர்கள். ஆறு மாதத்தில் அதன் மடலில் கோரலைன் பாசியும் குழாய்ப் புழுக்களும் கூடு கட்டி, மூடாமல் திறந்தே கிடக்கும்.

எதிர்த் திசையிலும் ஒரு வெள்ளம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஓவர்ஃப்ளோ அடைத்துக்கொண்டால், கடல் அனிமோன் ஒன்று நகர்ந்து வந்து ஓவர்ஃப்ளோவின் பல்லிடுக்கில் உட்கார்ந்தாலே போதும், பம்ப் சம்பில் தான் இருக்கும் அறையின் தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றிவிடும். அறை 30 × 40 செ.மீ., நீர் 20 செ.மீ. என்றால் 24 லிட்டர். மேல் தொட்டியில் அது 3.3 செ.மீ. உயரம். கண்ணாடி விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவில் 4 செ.மீ. விட்டிருந்தால் தரை நனையாது. இந்த இரண்டு சோதனையையும் மீன் வாங்குவதற்கு முன்பே, வெறும் தண்ணீரோடு செய்து பார்த்துவிடலாம்.

ஆவியாகும் தண்ணீர் முழுவதும் இந்த அறையில்தான் மட்டமிறங்கிக் காட்டும். பம்பின் வாய்க்கு மேல் 10 செ.மீ. தண்ணீராவது எப்போதும் இருக்க வேண்டும். மட்டம் இறங்கினால் முதலில் சுழல் கட்டிக் காற்றை இழுக்கும், பிறகு உலர்ந்து ஓடும். சூடேறிய செராமிக் ஷாஃப்ட்டின் மேல் திடீரெனக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் கண்ணாடி டம்ளர்போல் விரிசல் விடும். ஆவியானதைத் தானாக ஈடுகட்டும் ஆட்டோ டாப்-ஆஃப் வைத்து ஆர்.ஓ. நீரை நிரப்புவது உப்பின் அளவுக்காக மட்டும் அல்ல, இந்த ஷாஃப்ட்டுக்காகவும்.

பம்பின் கேபிள் போகும் பிளக்குக்கு மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தே ஆக வேண்டும். எபாக்ஸியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தாலே உப்பு நீரில் கரென்ட் கசியும். பம்பைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால் அது பம்பின் மரணச் செய்தி. வேறு பிளக்குக்கு மாற்றி ஓட்டாதீர்கள்.

பேட்டரியை எதற்குக் கொடுப்பது?

டி.சி. பம்ப் வாங்கினால் மின்வெட்டில் பேட்டரியில் மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் ஹெட் கால்பங்காகும். 3.6 மீட்டர் தூக்கும் பம்ப் பாதி வேகத்தில் 0.9 மீட்டர்தான் தூக்கும். நமக்கு வேண்டியது 1.2 மீட்டர். பம்ப் சுற்றும், விளக்கு எரியும், ஒரு சொட்டும் மேலே வராது. பேட்டரியை வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். 10 வாட் வேவ்மேக்கர் நீர்ப்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருந்தால் ஆக்சிஜன் தாங்கும், மீன்கள் மணிக்கணக்கில் சமாளிக்கும். ரிட்டர்ன் பம்ப் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடட்டும், ஆனால் அது சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் ஏ.சி. பம்ப் உறுமிக்கொண்டே சூடேறும்.

பம்பைத் திறந்தால்

பவளத் தொட்டியில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் இருக்கும், காரத்தன்மையும் உயர்வு. வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் சுண்ணாம்பு அங்கே படியத் துடிக்கும். பம்பின் ரோட்டர் குழிதான் அந்த இடம். கால்க்வாஸர் என்கிற சுண்ணாம்பு நீரைச் சொட்டவிடுகிறவர்கள் பம்பின் வாய்க்குப் பக்கத்தில் விடாமல் சம்பின் மறுகோடியில் விட வேண்டும். கால்க்வாஸர் இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்.

வாளியில் வினிகரையும் தண்ணீரையும் சரிபாதி கலந்து, அல்லது லிட்டருக்கு 40–50 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து, பம்பை அதில் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். வெள்ளைப் படிவு நுரைத்துக் கரையும். பிளீச்சை இதோடு ஒருபோதும் கலக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திருகி எடுத்து ரோட்டரை இழுங்கள். காந்தம் விடமாட்டேன் என்று பிடிக்கும். நேராக இழுக்க வேண்டும், சாய்த்து இழுத்தால் ஷாஃப்ட் முறியும். பழைய டூத் பிரஷ்ஷால் குழியின் அடிவரை தேயுங்கள். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் ரோட்டரோடு ஒட்டிக்கொண்டு வந்து வாளியில் விழுந்திருக்கும், தண்ணீரைக் கொட்டும் முன் தேடிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மூடினால் பம்ப் கடகடவென்று ஆடும்.

ரோட்டரை ஈரம் துடைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். காந்தத்தின் மேலுள்ள பூச்சில் மயிரிழை விரிசலோ பழுப்புக் கறையோ தெரிந்தால் ரோட்டரை அன்றைக்கே மாற்ற வேண்டும். உப்பு உள்ளே போய்க் காந்தம் துருப்பிடித்து உப்பிக்கொண்டிருக்கிறது. ஓடும்வரை ஓடும், ஒரு மின்வெட்டில் நிற்கும்போது குழிச்சுவரோடு இறுகிவிடும், அதன்பிறகு இழுத்தாலும் வராது. ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் அதையும் மாற்றுங்கள். இம்பெல்லரின் அரைச் சுற்றுத் தளர்வு ‘டக்’கென்று சுத்தமாக இடிக்க வேண்டும்.

நல்ல தண்ணீரில் அலசி மாட்டிய பிறகு, பத்து முறை அணைத்துப் போடுங்கள். பத்தும் கிளம்பினால்தான் சுத்தம் முடிந்தது. ஒன்பது கிளம்பி ஒன்று உறுமினால் மறுபடி திறக்க வேண்டும்.

மாற்றுப் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். அதே மாடல் என்றால் சிறப்பு, அதே யூனியனில் ஐந்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். பெரிய பம்ப் ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு ஓட்டுவதும் நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் வேண்டும். ஒரே குழாயில் சேர்த்தால், நின்றுபோன பம்ப் வழியாக மற்றது ஏற்றும் தண்ணீர் சம்புக்கே திரும்பிவிடும். ஓய்வு கொடுத்த பம்பை உப்போடு அப்படியே அலமாரியில் போடாதீர்கள், காய்ந்த உப்பு ரோட்டரைக் குழியோடு ஒட்டிவிடும். ஆர்.ஓ. நீரில் அரை மணி நேரம் ஓடவிட்டு, ரோட்டரைத் தனியே எடுத்து, இரண்டையும் நிழலில் காயவைத்து, ஓ-ரிங்கையும் ரப்பர் புஷ்களையும் ஒரு சிறு ஜிப் கவரில் போட்டுப் பம்போடு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள்.